மேலே எது, கீழே எது?

அன்புள்ள மாப்ள,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மா நலம். சங்கு இன்னும் அதே பைக்கைத்தான் ஓட்டுகிறான், மீதியை நீயே யூகித்துக்கொள். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. அத்தை உனக்கென்று நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கொடுத்த 1080 டிஐ கிராபிக்ஸ் கார்டும் நான் வாங்கிய 3060 கார்டும் ஒரே கம்ப்யூட்டர் கேபினட்டில் ஓடுகின்றன. "திறந்த ஃபேன் கார்டைக் கீழே போட்டால் சூடு மேலே ஏறும், அதை மேலே போடு" என்று போனில் அடித்துச் சொன்னாயே, கடைக்காரரும் அப்படித்தான் மாட்டிக்கொடுத்தார். நான் இரண்டையும் இடம் மாற்றிவிட்டேன். இப்போது சண்டைக்கு வா.

உன் கார்டு புளோயர் வகை. ஒரு முனையில் காற்றை இழுத்து, மூடிய கூட்டுக்குள் ஹீட்சிங்க் என்ற சூடு வாங்கும் உலோகத் தகடுகள் நெடுகத் தள்ளி, பின்பக்கத் துளை வழியாக வெளியே துப்பிவிடும். முழு வேகத்தில் மிக்ஸி ஓடுவது போலச் சத்தம், ஆனால் தன் சூட்டில் பெரும்பங்கைத் தானே வெளியேற்றிவிடுகிறது. 3060-க்கு இரண்டு திறந்த விசிறிகள். சத்தமில்லாத நல்ல பிள்ளை, ஆனால் சூட்டையெல்லாம் கேபினட்டுக்குள்ளேயே விடும்.

என் மதர்போர்டில் இரண்டு கார்டுக்கும் நடுவே, கார்டு செருகும் ஒரு ஸ்லாட் அளவு, அதாவது 2 செ.மீ. இடம்தான். விசிறிகள் கீழே பார்த்திருப்பதால் மேல் கார்டு மூச்சு வாங்குவது அந்த இடுக்கில். திறந்த விசிறி அங்கே இருந்தால் எதிரே கீழ்க் கார்டின் முதுகு. தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். இடுக்கு புளோயருக்குப் பழக்கம். பல கார்டுகளை நெருக்கி அடுக்குகிறவர்கள் அந்த வகையைத் தேடுவதே இதற்குத்தான். அதனால் புளோயர் மேலே. திறந்தது கீழே, அதன் அடியில் தாராளமாக இடம்.

சூடு மேலே ஏறும், இல்லை என்று சொல்லவில்லை. முன்பக்க விசிறிகள் தள்ளும் காற்றுக்கு முன்னால் அது தானாக ஏறுவது எம்மாத்திரம்? நடுவே இன்னும் இரண்டு ஸ்லாட் இருந்திருந்தால் உன் பேச்சைக் கேட்டிருப்பேன். ரெண்டர், அதாவது 3டி காட்சியைப் படமாக்கும் வேலை, ஓடும்போது 80 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்த 3060 இப்போது 70-ஐச் சுற்றி நிற்கிறது. உன் கார்டு மட்டும் 84-ஐத் தொட்டது. அது இழுக்கும் கரண்டின் 250 வாட் வரம்பை 200 ஆகக் குறைத்தேன், அடங்கிவிட்டது. ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடியது. ஆனால் எப்படி மாட்டினாலும் அவ்வளவு வாட்டும் கடைசியில் என் அறைக்குள்தான் வருகிறது, ஆடி மாதப் புழுக்கத்தில் அது ஒரு தனிக் கூத்து. இன்னொன்று: இரண்டு கார்டின் மெமரி 11-உம் 12-உம் சேர்ந்து 23 ஜிபி ஆகாது என்று சங்குவிடம் நீயாவது சொல். காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டிலும் தனித்தனியாக ஏற வேண்டும். நான் சொன்னால் சிரிக்கிறான்.

உண்மையில் என்னை உறுத்துவது சூடு இல்லை மாப்ள, உப்பு. மண்டபம் கடற்கரையில் கச்சான் காற்று அடிக்கும்போது தென்பக்க ஜன்னலைத் திறந்தால் மாலைக்குள் மேசை பிசுபிசுக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். அப்புறம் அது தூசி இல்லை, கரண்ட் கடத்தும் தண்ணீர். ஓடும் கார்டு சூட்டோடு இருப்பதால் காய்ந்தே இருக்கிறது. நிறுத்திய பிறகு ஆறிப்போகிற இரவுதான் ஆபத்து. வடிகட்டி வைத்த முன்பக்க விசிறிகளைக் கூட்டிவிட்டேன். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிட அதிகமாக இருந்தால் கண்ட சந்து வழியாக உப்பு நுழையாது. புளோயரும் வெளியே தள்ளுகிற விசிறிதான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உடனே "சென்னைக்கு வந்துவிடு" என்று ஆரம்பிக்காதே. அம்மாவை விட்டுவிட்டு நான் எங்கும் வருவதாக இல்லை, அந்தப் பேச்சு இத்துடன் போதும்.

ஜன்னலை அடைத்து ஏசி போடுவதா, கேபினட்டை வடக்கு அறைக்கு மாற்றுவதா என்று மட்டும் சொல். வரும்போது, சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூச நல்ல தெர்மல் பேஸ்ட் ஒன்று வாங்கி வா. உன் கார்டைப் பிரித்துப் பூச வேண்டும், அதில் காய்ந்துபோய் இருப்பது நீ பூசியதுதான்.

அன்புடன்,
உன் மண்டபத்தான்