எச்.டி. முத்திரை மருந்தல்ல: வன்னிக் கொட்டில்களில் ஸ்புரூஸ் பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

தகரம் அடித்த கொட்டில் சித்திரை, வைகாசியில் சூளையாகிவிடுகிறது. புளொக் கல்லால் கட்டினால் செலவு கூடுகிறது. கிடுகும் பனையோலையும் அடிக்கடி மாற்ற வேண்டியவை, மேய ஆளும் கிடைப்பதில்லை. ஆகவே நெல் மூட்டை அடுக்கும் அறை, உழவு இயந்திரம் விடும் கொட்டகை, கிணற்றடி மோட்டர் அறை, ஆட்டுக் கொட்டில் என்று வளவுக்குள் எழும் சிறு கட்டடங்களுக்கு வெளிச்சுவராகப் பலகை அடிக்கிறவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். அந்தப் பலகை பெரும்பாலும் வெளிநாட்டுச் சாமானோடு வந்திறங்கிய பலட்டுகளையும் (சாமான் அடுக்கும் மரத்தட்டுகள்) பெட்டிகளையும் உடைத்து எடுத்தது. வெளிர் நிறம், பாரமில்லை, சீவுளி வைத்தால் சுருள் சுருளாக வரும். விற்பவர் 'பைன்' என்பார். அதில் ஒரு பகுதி பைன் அல்ல, ஸ்புரூஸ் என்ற வேறொரு குளிர்நாட்டு ஊசியிலை மரம்.

அந்தப் பலகையில் குத்தியிருக்கும் முத்திரையை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். கதிர் போன்ற ஒரு படம், ஐ.பி.பி.சி. (சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை) என்ற எழுத்து, நாட்டைக் குறிக்கும் 2 எழுத்து, அதன் அருகே எச்.டி. என்று இருக்கும். 'மருந்தடித்த பலகை, கறையான் வராது' என்று அதைக் காட்டியே விற்கிறார்கள். எச்.டி. என்பதன் பொருள், மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தை 30 நிமிடம் விடாமல் கொடுத்தார்கள் என்பது மட்டுமே. ஒரு நாட்டு மரப்பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உள்ளே இருந்த பூச்சி செத்தது. புதிதாக வரும் பூச்சியைத் தடுக்க அந்தப் பலகையில் ஒன்றும் இல்லை. காய்ச்சிய பாலை மூடாமல் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இதற்கும் ஆகும். எம்.பி. என்று இருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. அந்தப் பலகையைக் குசினிக்கும் கோழிக்கூட்டுக்கும் எடுக்காமல் விடுவது நல்லது. எண்ணெய்க் கறையோ கிருமிநாசினி மணமோ உள்ள பலகையை எந்த வேலைக்கும் எடுக்க வேண்டாம்.

நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கும் உறவினர் அனுப்பும் படங்களில் சிவப்புப் பலகை அடித்த பண்ணைக் கட்டடங்களைப் பார்க்கிறோம். அவற்றில் பல ஸ்புரூஸ்தான், பல தலைமுறையாக நிற்கின்றன. ஆனால் நோர்வேயிலும் சுவீடனிலும் கறையான் இல்லை. வருடத்தில் பாதி குளிர், அந்தக் குளிரில் மரத்தை உக்கவைக்கும் பூஞ்சணம் வளராது. அங்கே பலகையைத் தரையில் முட்டவும் விடுவதில்லை, பலகைக்குப் பின்னால் காற்றோடவும் இடம் விடுவார்கள். சுவீடனின் ஃபாலுன் செப்புச் சுரங்கத்துக் காவியை மாவோடும் எண்ணெயோடும் காய்ச்சிப் பூசும் அந்தச் சிவப்புச் சாயம், உள்ளே போன ஈரத்தை வெளியே விடக்கூடியது. இத்தனை ஏற்பாட்டுக்கும் காரணம் உண்டு. மருந்தில்லாத மரம் உக்கலைத் தாங்கும் இயல்பில் ஐரோப்பியத் தரநிலை ஸ்புரூஸுக்குக் கொடுத்திருக்கும் இடம், 1 மிக நல்லது, 5 மிக மோசம் என்ற வரிசையில் 4. ஐப்பசியில் தொடங்கி மார்கழி தாண்டி நனைத்து, ஆடியில் சோளகத்தோடு காயவைக்கும் நம் மண்ணில் அதே பலகையைத் தரையில் ஊன்றி அடித்தால், அடிப்பகுதி உக்கிக் கையோடு வரும்.

ஸ்புரூஸை அடையாளம் காண்பது பெரிய வேலையல்ல. பைனின் உள்வைரம் செம்மண் நிறமாகத் தனியாகத் தெரியும், வெளிமரம் வெளிறியிருக்கும். ஸ்புரூஸில் உள்ளும் புறமும் ஒரே வெளிர் நிறம். இந்த வேறுபாடு முக்கியம். பைனின் வெளிமரம் மருந்தை நன்றாகக் குடிக்கும். ஸ்புரூஸ் ஒருமுறை காய்ந்துவிட்டால் அதன் நார்களுக்கிடையே நீர் போகும் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். பிறகு பிரஷால் எத்தனை தரம் மருந்து பூசினாலும் மேல்தோலோடு நின்றுவிடும். வெயிலில் தோல் வெடித்ததும் கறையானுக்கு வழி திறந்துவிடுகிறது.

ஸ்புரூஸுக்குள் ஓரளவாவது போகக்கூடியது போரன் உப்பு. அது ஈரம் போகும் இடமெல்லாம் மெல்ல மெல்லப் பரவும். 18 லீற்றர் சுடுநீரில் வெண்காரம் 1 கிலோ 200 கிராம், போரிக் அமிலம் 800 கிராம் கரைத்தால் 10 வீதக் கரைசல். ஒன்றை மட்டும் போட்டால் இவ்வளவு கரையாது, இரண்டும் சேர்ந்தால் கரையும். பீப்பாவை நீளவாக்கில் பிளந்து தொட்டி செய்யப் பார்க்காதீர்கள். அது 3 அடிதான் வரும், 1200 மில்லிமீற்றர் நீளமுள்ள பலட் பலகை அதில் படுக்காது. பழைய பலகையால் நீளப் பெட்டி அடித்து, உள்ளே தடித்த பொலித்தீன் விரித்தால் போதும். பலகை மிதக்கும், மேலே கல் வையுங்கள். ஓர் இரவு ஊறிய பின் எடுத்து, நெருக்கமாக அடுக்கி, காற்றுப் புகாமல் பொலித்தீனால் சுற்றி 2 கிழமை நிழலில் விடுங்கள். உப்பு உள்ளே இறங்குவது இந்த 2 கிழமையில்தான், பலர் விட்டுவிடும் படியும் இதுதான். அதன் பின் இடையிடையே குச்சி வைத்து அடுக்கி நிழலில் காயவிட வேண்டும். அறுப்பது, துளைப்பது எல்லாம் ஊறவைக்க முன்னரே முடித்துவிடுங்கள், பிறகு அறுத்தால் மருந்தில்லாத மரம் வெளியே வந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். ஆடும் மாடும் உப்பென்று நக்கும், மரத்தைக் கொறிக்கும். ஆகவே பட்டிப் பக்கம் 4 அடி உயரம் வரை இந்தப் பலகை வேண்டாம்.

போரனுக்கு ஒரு பெருங்குறை உண்டு. மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். பெயின்ற் இல்லாமல் அது ஒரு மாரியைக் கடப்பதே கடினம். மண்ணோடு முட்டும் மரத்துக்கு அது உதவவே உதவாது. கறையானுக்கு எதிரான முதல் காவல் அத்திவாரம்தான், மருந்து அதன் பின்னர்தான் வருகிறது.

அத்திவாரம் வெட்டும் இடத்தில் பழைய வேர், அடிக்கட்டை, பலகைத் துண்டு எதையும் மண்ணுக்குள் விடாதீர்கள், புற்று அதிலிருந்துதான் தொடங்கும். நிலத்திலிருந்து 2½ அடி உயரத்துக்குப் புளொக் கல்லால் அரைச்சுவர் எழுப்பிச் சிமெந்து பூசுங்கள். செம்மண் நிலத்தில் மழைத்துளி விழுந்து தெறிக்கும் சேறு ஓரடிக்கு மேல் ஏறும். மாரி முடிந்ததும் சுவரில் தெரியும் சிவப்புக் கரையே அதற்கு அளவு. அரைச்சுவரின் மேல், மரம் உட்காரும் முன், நீளத்துக்கும் தகடு போட்டு அதன் விளிம்பை 2 அங்குலம் வெளியே நீட்டிச் சரிவாகக் கீழே மடித்துவிடுங்கள். உட்பக்கமும் அப்படியே. தகடு கறையானைக் கொல்லாது. மறைவாக ஏறிக்கொண்டிருந்த கறையான், தகட்டைச் சுற்றி வெளிச்சத்தில் மண்குழாய் கட்டித்தான் போகவேண்டி வரும், அப்போது நம் கண்ணில் படும். மூலையில் தகட்டை வெட்டி இடைவெளி விட்டால் அந்த மூலையால் ஏறும். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டி மூடுங்கள்.

நிற்கும் சிலாகைகளுக்கு ஸ்புரூஸ் வேண்டாம். வைரம் பாய்ந்த கறுப்புப் பனஞ்சிலாகை, உள்ளிருக்கும் மென்மையான சோற்றி முழுவதும் செதுக்கி எடுத்தது, இதற்கு மிகப் பொருத்தம். அனுமதியோடு வாங்கிய பாலை, முதிரை என்றால் இன்னும் நல்லது. கூரை விளிம்பு சுவருக்கு வெளியே 2 அடிக்குக் குறையாமல் நீள வேண்டும்.

அளவில் பலர் தவறும் ஓர் இடம் இருக்கிறது. சிலாகைகளை 2 அடிக்கு ஒன்றாக நட்டுவிட்டுப் பலகையை எடுத்தால் எட்டாது. 4 அடி என்பது 1219 மில்லிமீற்றர், பலட் பலகை 1200. முனை 19 மில்லிமீற்றர் குறைந்து அந்தரத்தில் நிற்கும். ஆகவே சிலாகைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 600 மில்லிமீற்றர் வையுங்கள். முனை வெடித்து வெட்ட வேண்டியிருந்தால் முதலில் எல்லாப் பலகையையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, அந்த நீளத்தில் பாதியைச் சிலாகை இடைவெளியாக எடுங்கள். பலட்டைச் சம்மட்டியால் அடித்துப் பிரிக்காதீர்கள், முனை வெடிப்பது அதனால்தான். இரும்பறுக்கும் வாளின் அலகைப் பலகைக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு ஆணியை அறுத்து, தலையைப் பின்னாலிருந்து தட்டி எடுத்துவிடலாம்.

அரைச்சுவருக்கு மேல் 5½ அடி உயரம், 10 அடி அகலம் கொண்ட ஒரு சுவருக்கு, 145 மில்லிமீற்றர் அகலப் பலகையைக் கிடையாக வைத்து, கீழ்ப் பலகையின் மேல் 25 மில்லிமீற்றர் ஏற்றி அடித்தால் 14 வரிசை வரும். கழிவோடு சேர்த்து 41 பலகை. ஐரோப்பிய அளவு பலட் ஒன்றில் இந்த அகலமும் 1200 நீளமும் உள்ள பலகை 4 இருக்கும், ஆகவே 11 பலட். மிஞ்சும் 100 மில்லிமீற்றர் பலகைகளை உட்தடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஆணி 2½ அங்குலம், கல்வனைஸ் பூசியது, 150 போதும். முல்லைத்தீவுக் கரையோரம் உப்புக்காற்றில் சாதா ஆணி வேகமாகத் துருவேறிப் பலகையில் கறுப்புக் கண்ணீர் வடிக்கும்.

அடிப்பது கீழிருந்து மேலே. முதல் வரிசைக்குப் பின்னால், அடியில், ஒரு மெல்லிய கட்டை வைத்தால்தான் மேல் வரிசைகளின் சாய்வு அதற்கும் வரும். கீழ் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி விடுங்கள், முட்டினால் பலகை தண்ணீரை உறிஞ்சும். பலகையின் தலைப்பை உற்றுப் பார்த்து, வளையங்களின் நடுப்பக்கம் வெளியே பார்க்கும்படி வையுங்கள். காயும்போது பலகை நடுப்பக்கம் புடைத்து, விளிம்புகள் சுவரோடு அழுந்தும். மாற்றி வைத்தால் விளிம்பு வெளியே மலர்ந்து மழையை உள்ளே விடும். ஒரு சிலாகைக்கு ஓர் ஆணிதான், கீழ் விளிம்பிலிருந்து 1¼ அங்குலம் மேலே. அப்போது அது அடியிலுள்ள பலகையின் மேல் விளிம்பைத் தொடாமல் போகும். இந்த அகலப் பலகை மாரிக்கும் கோடைக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை அசையும். இரண்டு பலகையையும் சேர்த்து ஆணி அறைந்தால் அசைய இடமில்லாமல் நடுவே வெடிக்கும். இணைப்பு சிலாகையின் மேல் விழ வேண்டும், இரு முனைகளுக்கும் நடுவே 3 மில்லிமீற்றர் வெளி வேண்டும்.

பெயின்ற்: அடிக்க முன்னரே நான்கு பக்கமும் ஒரு பூச்சு, தலைப்புகளுக்கு 3 பூச்சு. தலைப்பு வழியாகத்தான் மரம் அதிகத் தண்ணீர் குடிக்கிறது. தண்ணீரில் கரையும் வெளிச்சுவர் பெயின்ற், வெளிர் நிறம். கழிவு ஒயில் பூசும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அது ஒரு மாரிக்குத் தண்ணீரை விலக்கலாம், கறையானை விலக்காது. அதன் மேல் பெயின்றும் ஒட்டாது, மோட்டர் அறையில் பூசினால் கிணற்று நீருக்கும் கேடு, நெருப்புக்கும் வழி.

வாடைக்காற்று மழையை அடிக்கும் வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் முதலில் உக்கும், பின்னேர வெயில் படும் மேற்குச் சுவர் முதலில் வெடிக்கும். பலகை குறைவென்றால் வடக்கையும் கிழக்கையும் கல்லால் முடியுங்கள். புரட்டாசியில் ஒருமுறை தகட்டு விளிம்பைச் சுற்றி மண்குழாயைப் பாருங்கள். திருப்புளியால் கீழ்ப் பலகையைக் குத்துங்கள், கால் அங்குலம் இறங்கினால் அந்த வரிசையைக் கழற்றவேண்டும். வட்டமாகத் துளையிட்டுக் கருவண்டு குடியேறியிருந்தால் மரமுளை அடித்துப் பெயின்ற் பூசுங்கள். வைக்கோலையும் விறகையும் அந்தச் சுவரோடு சாத்தவே வேண்டாம். அடுப்பெரிக்கும் குசினிக்கு இந்தப் பலகையே ஆகாது.

மரக்காலை வைத்திருப்போரிடமும் பலகை ஏற்றி வந்து விற்போரிடமும் நாம் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு கட்டிலும் என்ன மரம், மருந்து ஏற்றியதா இல்லையா, ஏற்றியிருந்தால் எந்த மருந்து என்று சோக்கட்டியாலாவது எழுதி வையுங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதுங்கள். எச்.டி. முத்திரையைக் காட்டிக் கறையான் வராது என்று யாருக்கும் சொல்லாதீர்கள். வாங்குவோரும் கட்டில் அந்த விபரம் எழுதியிராமல் காசு கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மரவேலை செய்வோர் சிலர்,
கிளிநொச்சி.