மட்டக்களப்பு புகைப்படக் கழக அங்கத்தவர்களுக்குச் செயலாளர் சமர்ப்பிக்கும் ஆண்டறிக்கை

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, மழை இருட்டையும் பாராமல் வந்திருக்கும் அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம். சென்ற பொதுக்கூட்டத்தில் என்னைச் செயலாளராகத் தெரிவு செய்தீர்கள். அன்றிலிருந்து இன்றுவரை நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதாந்தக் கூட்டங்கள் பத்து நடந்தன. கார்த்திகை, மார்கழிக் கூட்டங்கள் வெள்ளத்தால் நடக்கவில்லை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேஸ்வரர் ஆலயத்துக்குப் படமெடுக்கப் போனோம். ஓகஸ்ட் 19, உலகப் புகைப்பட தினம், வழமைபோல் நினைவுகூரப்பட்டது. முகத்துவாரம் வெளிச்சவீட்டடியில் ஒரு சிரமதானம் செய்தோம். தாயாரை இழந்த எமது அங்கத்தவருக்கு அனுதாபம் தெரிவித்தோம்.

இனி, இந்த வருடம் அதிகம் பேசப்பட்ட பால்மாத் தகரத்துக்கு வருகிறேன். அதைப்பற்றி முதுகுக்குப் பின்னால் பலர் பேசியிருக்கிறார்கள். நேரில் என்னிடம் கேட்டவர்கள் குறைவு. ஆகவே முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் பொறுப்பெடுத்தபோது எங்கள் மாதாந்தப் பயிற்சி எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கல்லடிக் கடற்கரைக்குப் போவோம், சூரியன் உதிப்பதை எடுப்போம், வட்ஸ்அப்பில் போடுவோம். அடுத்த மாதமும் அதே சூரியன், அதே தோணி. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு தரம் வந்தார்கள், மூன்றாந்தரம் வரவில்லை. சித்திரைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர், அதில் ஒருவர் மண்டபத் திறப்புக் கொண்டுவந்தவர். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வீட்டில் கிடந்த ஒரு வெறும் பால்மாத் தகரத்தைக் கழுவிக் காயவைத்து, துண்டுச் சீட்டுகளில் சவால்களை எழுதிச் சுருட்டிப் போட்டேன். அடுத்த கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் சீட்டு எடுப்பார். என்ன வருகிறதோ அதுதான் அந்த மாதத்து வேலை. நிர்வாகக் குழுவிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை என்ற குறை உண்மைதான். குழுவைக் கூட்ட இரண்டு தரம் அறிவித்தேன், இரண்டு தரமும் கோரத்துக்குப் போதிய பேர் வரவில்லை. அதையும் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் வந்த சீட்டு ‘36’. பிலிம் காலத்தில் ஒரு றோலில் 36 படம். அதேபோல கமராவின் திரையில் கறுப்பு ரேப் ஒட்டிவிட்டு, கோட்டையடியிலிருந்து காந்தி பூங்கா வரை நடந்து 36 படம் மட்டும் எடுக்க வேண்டும். அழிக்கக்கூடாது, எடுத்ததைப் பார்க்கவும் கூடாது. முன்னர் ஸ்டூடியோ நடத்திய எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர் அன்று வந்திருந்தார். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் இருபது படம் தட்டிவிட்டார்கள். அவர் கோட்டை வாசலில் ஒரு வயதானவரோடு கதைத்துக்கொண்டே நின்றார். பூங்காவுக்கு வந்து சேர்ந்தபோது அவரிடம் இன்னும் ஒன்பது படம் மிச்சம். “அமத்திறத்துக்கு முன்னம் பாரு மனே, பிறகு பாத்து என்ன செய்யிற?” என்று ஒரு பையனிடம் சொன்னார். நான் ஆறு மாதம் வகுப்பெடுத்தும் ஏறாத விடயம் அன்று அந்தப் பையனுக்கு ஏறிவிட்டது.

இரண்டாவது, எழுத்து வேட்டை. உயிர் பன்னிரண்டு, புள்ளியில்லாத மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக 31 எழுத்துகளை நகருக்குள் கண்டுபிடித்துப் படமெடுக்க வேண்டும். பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது கணக்கில் சேராது. பொருளைத் தொட்டு நகர்த்தவும் கூடாது, நாம்தான் நகர வேண்டும். ட சுலபம், எந்தப் படிக்கட்டிலும் இருக்கிறது. தேநீர்க் கடையில் கவிழ்த்து வைத்த வாங்கின் காலில் ப கிடைத்தது. உரித்த தேங்காயின் மூன்று கண்ணில் ஃ இருக்கிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கொண்டுவந்து காட்டியபோது மண்டபமே கைதட்டியது. ழ ஒரு தோணிக் கயிற்றின் சுருளில் இருந்தது. அதை எடுக்க ஒருவர் சேற்றில் முழங்காலளவு இறங்கினார். எங்கிருந்து பார்த்தால் எது தெரியும் என்பதைப் பலகையில் வரைந்து விளங்கப்படுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். இ மட்டும் ஒருவருக்கும் அகப்படவில்லை.

மூன்றாவது சீட்டுக்கு நான் வைத்த பெயர் ‘தயிரும் எருமையும்’. இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சொன்னவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக் கணக்குப் போடும். சட்டி நிறைந்த தயிரைக் கிட்டப்போய் எடுத்தால் தயிர் சாம்பலாக வரும். எருமையின் முதுகை எடுத்தால் அதுவும் சாம்பலாகத்தான் வரும். தயிருக்கு வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரைப் படி கூட்ட வேண்டும், எருமைக்கு ஒரு படி குறைக்க வேண்டும். போனில் எடுப்பவர்கள் திரையில் விரலை வைத்ததும் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்தால் சரி. வவுணதீவுப் பக்கம் ஒரு பட்டியடிக்குப் போனோம். தயிரும் அங்கேயே, எருமையும் அங்கேயே. வெள்ளைத் தயிர் வெள்ளையாகவும் கறுப்பு எருமை கறுப்பாகவும் வரும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் வேட்டி அழுக்குப் பிடித்ததுபோல் விழுவதும் இதே காரணத்தால்தான். இது விளையாட்டா, தொழிலா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான்காவது சீட்டை எழுதும்போது எனக்கே தயக்கமாக இருந்தது. ‘மீன் பாடுவதைப் படமெடு.’ அவ்வளவுதான் எழுதியிருந்தேன். வாவிக்குள் இரவில் கேட்கும் ஓசையை வைத்து மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். ஆனால் கேட்கிற ஒன்றை எப்படிக் காட்டுவது? பெரும்பாலானோர் பழைய கல்லடிப் பாலத்தையும் நிலவையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அழகான படங்கள், ஆனால் அவற்றில் ஓசை இல்லை. எங்கள் இளைய அங்கத்தவர்களில் ஒரு தங்கச்சி, தகப்பனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, பூரணையன்று இரவு வாவிக் கரையில் மூன்று மணித்தியாலம் இருந்திருக்கிறா. ஒரு மீன்பிடிக்கிற ஐயா தோணியைக் கரையோடு சேர்த்து நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் கழகத்து முக்காலி, இரவல் வாங்கிய 50 மில்லிமீற்றர் லென்ஸ், துவாரம் எஃப் 2, ஐஎஸ்ஓ 3200, அரைச் செக்கன். அந்த அரைச் செக்கனில் தண்ணீர் அசைந்து மங்கியிருக்கிறது, கேட்கிற மனிதர் அசையவில்லை. ஐந்து தரம் எடுத்ததில் ஐந்தாவதுதான் சரியாக வந்தது. அந்தப் படத்தைத் திரையில் போட்டபோது மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. காது கொடுத்துக் கேட்பதுபோல் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். செயலாளராக இருந்த இந்த வருடத்தில் என் மனம் நிறைந்த நேரம் அது.

ஐப்பசிக் கூட்டத்துக்கு இருபத்துமூன்று பேர் வந்தார்கள். வரவுப் புத்தகத்தில் கையொப்பங்கள் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

இதையெல்லாம் சொல்லும்போது வராதவர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கலியாணம், சாமத்தியவீடு என்று தொழில் செய்யும் எமது மூத்த அங்கத்தவர்களில் அரைவாசிப் பேர் வைகாசிக்குப் பிறகு மண்டபப் பக்கம் வரவில்லை. சனி, ஞாயிறில் உழைத்தால்தான் அடுப்பு எரியும், அது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கூட்டத்தைப் புதன் பின்னேரத்துக்கு மாற்றினேன். அப்படியும் வரவில்லை. ‘தகரத்துக்குள் கைவிட எங்களுக்கு வயசு போயிட்டு’ என்று ஒருவர் வட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். அது என்னை மிகவும் நோகச் செய்தது. அவரிடம் பாடம் கேட்டு வளர்ந்தவன் நான். இன்றைக்கும் அவருடைய வெளிச்சம் எங்களில் ஒருவருக்கும் கைவராது. அவர் ஒரு மணித்தியாலம் வந்து உட்கார்ந்தால் போதும், பிள்ளைகள் சுற்றி வந்து இருந்துவிடுவார்கள்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவைவிடச் செலவு சற்றுக் கூட, கையிருப்பு சிறிதளவு. மண்டப வாடகையும் வருட இறுதிக் கண்காட்சிக்குப் படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டதும்தான் பெரிய செலவுகள். சட்டத்தில் ஒரு பகுதியை என் கைக்காசில் கொடுத்தேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். ஆனால் வருடச் சந்தாவை முழுதாகக் கட்டியவர்கள் பதினொரு பேர்தான். அதில் நான்கு பேர் பாடசாலைப் பிள்ளைகள், பொக்கற் காசைச் சேர்த்துக் கட்டியவர்கள். இரண்டு வருடமாக நிலுவை வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே வாசிக்கப் போவதில்லை. கழகத்து முக்காலியை இரவல் கொண்டுபோனவர்களின் பட்டியலும் அநேகமாக அதேதான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், கண்காட்சியைத் திறந்து வைத்த பெரியவருக்கும், தேநீரும் வடையும் செய்துதந்த அங்கத்தவர் வீட்டாருக்கும் கழகத்தின் நன்றி. பட்டியடியில் எங்களைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்துக்கும், துடுப்பைக் காதோடு வைத்து ஐந்து தரம் அசையாமல் இருந்த ஐயாவுக்கும் என் தனிப்பட்ட நன்றி. அவருக்குப் படத்தின் ஒரு பிரதியைச் சட்டம் போட்டுக் கொடுத்தோம்.

அடுத்த வருடத்துக்கு ஐம்பத்திரண்டு புதிய சீட்டுகள் எழுதித் தகரத்தில் போட்டாயிற்று. நாலு முழக் கயிற்றால் கல்லடி மணலில் சதுரம் போட்டு, அதற்குள் மட்டும் இருபது படம். முகம் இல்லாமல் ஓர் ஆளின் படம். புதிய பாலத்தில் ஓடும் சைக்கிளைக் கமராவோடு தொடர்ந்து, செக்கனில் முப்பதில் ஒரு பங்கில் எடுப்பது. எல்லோரையும் ஒரு வானில் ஏற்றிப் பாசிக்குடாவுக்குக் கொண்டுபோகும் எண்ணமும் இருக்கிறது. வான் வாடகையைப் பொருளாளரிடம் கேட்டேன், அவர் கையிருப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். யார் செயலாளராக வந்தாலும் தகரத்தை ஒப்படைத்துவிடுவேன். மீண்டும் நானே என்று சபை சொன்னால் மறுக்கமாட்டேன், ஆனால் தனியாக இழுக்க இனி என்னால் ஏலாது.

கூட்டம் முடிந்து தேநீர் தரும் நேரம் பொருளாளர் வாசலடி மேசையில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இருப்பார். தகரமும் அதே மேசையில்தான் இருக்கும், ஆளுக்கொரு சீட்டு எடுத்துக்கொண்டு போகலாம். எழுத்து வேட்டையில் இ இன்னும் கிடைக்கவில்லை. கண்டவர்கள் அடுத்த புதன் படத்தோடு வாருங்கள்.

நன்றி.

செயலாளர்