பழைய பக்கத்தின் மூலையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வரும் 'அன்றைய செய்தித்தாளில்' பகுதியைத் தவறாமல் படிக்கிறேன். இதழ் கைக்கு வந்ததும் முதலில் புரட்டுவது அதைத்தான். ஆனால் ஒரு மனக்குறை. பழைய தாளின் தலைப்புச் செய்தியை மட்டும் கத்தரித்துப் போடுகிறீர்கள். அதன் பக்கத்தில் என்ன இருந்தது, கீழே என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரிவதில்லை.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. என் அப்பா செய்தித்தாளை எடைக்குப் போடாதவர். 1951 கடைசியிலிருந்து 1980 வரை, நடுவில் ஓட்டையும் உடைசலுமாக, கட்டுக் கட்டாகப் பரணில் வைத்திருந்தார். ஓட்டை விழுந்ததற்குக் காரணம் பாதி செல்லரிப்பு, பாதி அம்மா. அலமாரித் தட்டில் விரிக்க அம்மாவுக்கும் தாள் வேண்டுமே. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான்கு வருடமாக அந்தக் கட்டுகளைப் பிரித்துப் படித்து வருகிறேன்.

எங்களுக்குக் காவிரிக் கடைமடையில் நிலம். அப்பா பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டம். ஒரு விரல் அகலத்தில் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும். அதை பென்சிலால் சுழித்துவிட்டு, நேற்றைய அளவை ஓரத்தில் எழுதி, ஏறியதா இறங்கியதா என்று பார்த்த பிறகுதான் பெரிய எழுத்துக்கே வருவார். அணையின் முழு அளவு 120 அடி. பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்க நெருங்க அந்தப் பென்சில் சுழி அழுத்தமாகிக்கொண்டே போவதைக் கட்டுகளில் பார்க்கலாம். 1924-இல் சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட காவிரி ஒப்பந்தத்துக்கு 1974-இல் ஐம்பது வருடம் முடிந்தது. அந்த வருடத் தாள்களில் பேச்சுவார்த்தைச் செய்திக்குப் பக்கத்திலும் ஒரு சுழி இருக்கிறது. அதற்கு முன்பு எந்த அரசியல் செய்தியிலும் அவர் பென்சில் பட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் தலைப்பை மட்டும் வெட்டிப் போட்டால் இந்த உறவு தெரியாமல் போய்விடும்.

1957 ஏப்ரல் முதல் தேதி இன்னொரு உதாரணம். அன்றுதான் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 காசு. ஒரு அணாவுக்குச் சரியான மதிப்பு 6¼ காசு. கால் காசுக்கு நாணயம் இல்லை. ஆகவே 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25 என்று ஓர் அட்டவணை. அணாச் சாமான் நான்கைத் தனித்தனியாக வாங்கினால் 24 காசு, சேர்த்து வாங்கினால் 25! இதை அப்பா அட்டவணையின் ஓரத்தில் கணக்குப் போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறார். அந்த ஒரு காசுக்காகக் கடைவாசலில் எத்தனை வாக்குவாதம் நடந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அந்த மாதத்தில் புதிய அமைச்சரவைச் செய்திகளும் உண்டு. வீட்டில் எதைப் பற்றி அதிகம் பேசியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம், சொற்கள். உங்கள் வாசகர் ஒருவர் சென்ற மாதம் 'அந்தக் காலத்தில் பத்திரிகைத் தமிழ் எவ்வளவு சுத்தமாக இருந்தது' என்று எழுதியிருந்தார். அவர் எந்தக் காலத்தைச் சொல்கிறார்? 1952 தேர்தல் செய்தியில் வேட்பாளர் கிடையாது, 'அபேட்சகர்' இருக்கிறார். கூட்டத்துக்குத் தலைவர் இல்லை, 'அக்கிராசனர்'. செயலாளர் 'காரியதரிசி', அமைச்சர் 'மந்திரி', மாவட்டம் 'ஜில்லா'. அறுபதுகளின் கட்டுகளைப் பிரிக்கும்போது இவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். அக்கிராசனர் முதலில் போனார். மந்திரி மட்டும் விடாப்பிடியாக இருந்தார். இப்போதும் பேச்சில் இருக்கிறார். எல்லாப் பத்திரிகையும் ஒரே நாளில் மாறவில்லை. எந்தத் தாள் எந்தச் சொல்லை எப்போது கைவிட்டது என்று பார்த்தாலே அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். தலையங்கம்கூட அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாது.

அதே 1952 தேர்தலில் ஓட்டுப் போடும் முறையைப் படித்து என் பேத்தி நம்பவே இல்லை. ஒவ்வொரு அபேட்சகருக்கும் தனிப் பெட்டி. பெட்டி மேல் அவருடைய சின்னம். சீட்டில் முத்திரை குத்தும் வேலை இல்லை, வேண்டியவர் பெட்டியில் போட வேண்டியதுதான். இன்னொன்று, அவளால் அந்தப் பக்கத்தைத் தானாகப் படிக்க முடியவில்லை. யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய 'லை'யும் 'னை'யும் அவளுக்குப் படமாகத்தான் தெரிந்தன. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்குப் பிறகு படித்தவர்கள் எல்லாருக்குமே இந்தச் சிரமம் இருக்கும். பழைய பக்கத்தைப் போடும்போது கீழே இன்றைய எழுத்தில் ஒரு முறை அச்சிட்டால் நல்லது.

விலைவாசி பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் பழைய தங்க விலையைப் போட்டால் அடுத்த இதழில் பெருமூச்சுக் கடிதங்கள் வந்து குவிகின்றன. அதே தாளில் 'தேவை' விளம்பரங்களில் குமாஸ்தாவுக்கு என்ன சம்பளம் என்றும் இருக்கும். அதையும் போட்டுவிட்டால் பெருமூச்சு பாதியாகக் குறையும். எல்லாம் மலிவாகக் கிடைத்த காலம் என்றால் 1967 தேர்தலில் அரிசி ஏன் அவ்வளவு பெரிய பேச்சானது? ரூபாய்க்கு 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று தி.மு.க. சொன்னது. ஆட்சிக்கு வந்ததும் ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்கள். தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் அரிசி பற்றிய செய்திகள் உள்பக்கங்களில் சின்னச் சின்னதாகத்தான் வந்திருக்கின்றன. முதல் பக்கம் முழுக்கத் தலைவர்களின் சுற்றுப்பயணம். காமராஜர் விருதுநகரில் தோற்கப்போகிறார் என்பதற்கு அப்பாவின் கட்டுகளில் ஒரு சாடையும் இல்லை. உள்பக்கத்து அரிசியைக் கூட்டிப் படித்தவர்களுக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம்.

இதனால் பழைய பேப்பர் சொல்வதெல்லாம் உண்மை என்று நான் வாதாட வரவில்லை. அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன சொல்ல விட்டார்கள் என்பதுதான் அதில் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு தனுஷ்கோடியில் ரயிலைக் கடல் கொண்டுபோனது. மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்த தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தந்திக் கம்பி அறுந்து கிடந்த இடத்திலிருந்து செய்தி எப்படி வரும்? அது இயற்கை செய்தது. நெருக்கடி நிலைக் காலத்துத் தாள்கள் வேறு ரகம். 1976 ஜனவரி 31 அன்று இங்கே தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள், மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் பலரைப் பிடித்தார்கள். யார் யார் உள்ளே போனார்கள் என்று அச்சிடத் தணிக்கை விடாது. அதனால் அண்ணாவின் நினைவு நாளான பிப்ரவரி 3 அன்று அவர் நினைவிடத்துக்கு வர இயலாதவர்கள் என்று தி.மு.க. ஏடான முரசொலியில் ஒரு பெயர்ப் பட்டியல் வெளியானது. படித்தவர்களுக்குப் புரிந்தது. அந்தப் பட்டியலை மட்டும் இன்று தனியாக வெட்டி அனுப்பினால், ஏதோ விழாவுக்கு வராதவர்கள் என்றுதான் இளைஞர்கள் நினைப்பார்கள்.

இதனால்தான் கைப்பேசியில் சுற்றும் துண்டுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தேதி இருக்காது, பத்திரிகைப் பெயர் இருக்காது, நாலு வரித் தலைப்பு மட்டும். ஒரு கட்சிக்காரர் போட்டால் மறுகட்சிக்காரர் இன்னொன்றைப் போடுகிறார். உங்கள் இதழும் இரண்டு முறை தேதி இல்லாத துண்டை வெளியிட்டிருக்கிறது. சரி, இடப் பிரச்சினை இருக்கும். மாதம் ஒரு முறையாவது ஒரே ஒரு முழுப் பக்கத்தை, விளம்பரம், வானிலை, 'காணவில்லை' அறிவிப்பு எல்லாவற்றோடும் போட முடியாதா? வரும் ஜூன் மாதத்தில் ஆரம்பித்தால் மேட்டூர் நீர்மட்டம் உள்ள பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். எனக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கட்டுகளைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுக்கலாமா என்று பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் உங்களுக்குப் படம் எடுக்க விருப்பம் இருந்தால் யாரையாவது அனுப்புங்கள். நான் தூக்கிக்கொண்டு வர முடியாது. மடித்த இடமெல்லாம் அப்பளம் மாதிரி ஒடிகிறது. வருகிறவரிடம் மின்விசிறியைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருத்துறைப்பூண்டி வட்டம்.