சாக்லேட் திரிந்தால் கொட்ட வேண்டாம்

ஆசிரியருக்கு,

சமையல் பகுதிகளில் வரும் சாக்லேட் இனிப்புக் குறிப்புகள் பெரும்பாலும் 'சாக்லேட்டை உருக்கிக்கொள்ளவும்' என்று ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. கெடுவதே அந்த இடத்தில்தான்.

உருகும் சாக்லேட்டில் ஈரக் கரண்டி பட்டாலே போதும். சில சொட்டு நீரில் அதிலுள்ள சர்க்கரை ஒன்றோடொன்று ஒட்டி, மண்போல இறுகிவிடும். விந்தை என்னவென்றால், அதற்கு மருந்தும் திரவம்தான். சூடான பாலை ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டுக் கிளறினால் பளபளப்பான சாஸாக இளகும். ஆனால் அது மேற்பூச்சுக்கு உதவாது.

சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த வழவழப்பான கலவையான கனாஷுக்கு, 55 சதவீதக் கொக்கோ உள்ள டார்க் சாக்லேட் 200 கிராம், 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 200 மி.லி. சரியாக இருக்கும். கிரீம் தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் சிறு குமிழி வந்ததும் இறக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, 2 நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வட்டமாகக் கிளற வேண்டும். 70 சதவீத சாக்லேட்டை இதே அளவில் போட்டால் எண்ணெய் பிரிய வாய்ப்புண்டு. கிரீமைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். குறிப்பு எழுதுவோர் இந்தச் சதவீதத்தையாவது தவறாமல் குறிப்பிட்டால் நல்லது.

— ஒரு வாசகர்