பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்கு முட்டுவலி முன்னைக்கு இப்போது தேவலை. நீ பேசி நாளாகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு போன் போடு, எனக்குப் போடாவிட்டாலும் பரவாயில்லை. பொங்கலுக்கு வராததற்கு நீ சொன்ன காரணத்தை நான் நம்பிவிட்டேன். உன் அம்மாதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வாட்ஸ்அப்பில் நான் எது கேட்டாலும் 'ம்', 'சரிப்பா' என்றுதான் வருகிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சட்டக் கல்லூரியில் உன் இங்கிலீஷ் படிப்பைப் பற்றிச் சில யோசனை. சாப்பாடு எப்படி இருக்கிறது? ராத்திரி வெறும் பிஸ்கெட்டோடு படுக்காதே.

தீபாவளிக்கு வந்தபோது நீ விட்டுப்போன ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தை என் பத்திரம் எழுதும் கடைக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கூட்டமில்லாத மதியங்களில் பார்க்கிறேன். ஓரத்தில் நீ பென்சிலால் எழுதியிருக்கும் அர்த்தங்களையும் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் எழுதியிருக்கிறாய், நல்லது. ஆனால் அந்த வாக்கியத்தில் எது தலை, எது வால் என்று எங்கும் குறிக்கவில்லை. சொல்லெல்லாம் தெரிந்தும் வாக்கியம் பிடிபடாமல் போவது அதனால்தான். இது உனக்கு மட்டும் உள்ள கஷ்டம் இல்லை. இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு நம் வக்கீல் ஐயாவிடம் ஜூனியராக வருகிற பிள்ளைகளும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். பேச்சு சரளமாக இருக்கும். ஒரு பிரிவை வாசித்துக் கருத்தைச் சொல் என்றால் திணறுவார்கள்.

உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டிருக்கலாம் என்று அத்தை போன வாரமும் சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இனியும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரசுப் பள்ளியில் தமிழில் படித்துத்தான் நீ அந்த மார்க் எடுத்தாய், அந்த சீட்டையும் வாங்கினாய். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து மூலப் பத்திரம் வாசித்தவள் நீ. 'நாளது தேதியில்' என்று தொடங்கி, நான்கு மால் (நாலு பக்க எல்லை) சொல்லி, தொகை பெற்றுக்கொண்டதைச் சொல்லி, சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு பக்கம் தாண்டி 'எழுதிக்கொடுத்தேன்' என்று முடியும். இடையில் ஒரு முற்றுப்புள்ளி இருக்காது. விற்றவர் யார், வாங்கியவர் யார், எது கைமாறியது என்று நீ விரல் வைத்துக் காட்டுவாய். சட்ட இங்கிலீஷும் அந்த ஜாதி வாக்கியம்தான். தமிழில் வினை கடைசியில் வந்து எல்லாவற்றையும் கட்டும். இங்கிலீஷில் அது எழுவாய்க்குப் பின்னாலேயே வந்துவிடும், நிபந்தனைகள் முன்னும் பின்னும் தொங்கும். முதலில் வினையைத் தேடு. வினை கிடைத்ததும் 'யார்' என்று கேள், பிறகு 'எதை' என்று கேள். மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்குப் பழக்கமான வாக்கியம் ஒன்று சொல்கிறேன். 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம், பிரிவு 17, உட்பிரிவு 1-இல் பி. என் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. எந்தப் பத்திரங்கள்? உயில் அல்லாத மற்றப் பத்திரங்கள். அவை என்ன செய்கின்றன? அங்கே ஐந்து வினை வரிசையாக நிற்கிறது: கிரியேட், டிக்ளேர், அசைன், லிமிட், எக்ஸ்டிங்விஷ். ஐந்தையும் பென்சிலால் வட்டம் போடு. எதை? ரைட், டைட்டில் ஆர் இன்டரஸ்ட். எதன்மேல்? அசையாச் சொத்தின்மேல். மதிப்பு எவ்வளவு? 100 ரூபாயும் அதற்கு மேலும். இவ்வளவுதான் எலும்பு. இப்போதா பிற்காலத்திலா, நிச்சயமான உரிமையா நிபந்தனைக்கு உட்பட்டதா என்று நடுவில் வருவதெல்லாம் அதன்மேல் ஒட்டிய சதை. 'ஆர்' வருகிற இடத்திலெல்லாம் நின்று, அது எதையும் எதையும் சேர்க்கிறது என்று பார். இப்படிப் பிரித்த பிறகு முழு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படி. மனசுக்குள் படிக்காதே. அறையில் மற்றவர்கள் இருந்தால் மொட்டைமாடிக்குப் போய்ப் படி.

காலம் காட்டும் வினையை நீ இலக்கணப் பாடமாக மட்டும் நினைத்துவிடக் கூடாது. பெரியப்பா வீட்டுக் கூர்ச்சீட்டு, அந்தச் சொத்துப் பங்கீட்டுத் தாள், உனக்கு நினைவிருக்கும். அதில் 'பிரித்துக்கொண்டோம்' என்று இருக்கிறதா, 'இதன்மூலம் பிரித்துக்கொள்கிறோம்' என்று இருக்கிறதா என்பதில்தானே அத்தனையும் நின்றது? வாய்மொழியாக முன்பே பிரித்துக்கொண்டதைப் பின்னால் ஞாபகத்துக்கு எழுதி வைத்தால் அதைப் பதிய வேண்டியதில்லை. எழுதுகிற அந்தத் தாளே பிரிக்கிறது என்றால் பதிந்தாக வேண்டும். 1976-இல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் வீட்டில் ஒரு வினைமுற்றுக்காக அண்ணன் தம்பி பேச்சே நின்றுபோனது. உன் வகுப்பில் சொல்லித்தருகிற டென்ஸ் இதுதான்.

ஒப்பந்தச் சட்டம் பிரிவு 2, உட்பிரிவு டி-யை நீ கோடு போட்டு வைத்திருக்கிறாய். பிரதிபலன், அதாவது ஒரு வாக்குக்கு ஈடாகச் செய்வது, என்றால் என்ன என்று சொல்கிற இடம். அங்கேயும் மூன்று காலம் இருக்கிறது: செய்திருக்கிறார், செய்கிறார், செய்வதாக வாக்குக் கொடுக்கிறார். அந்த மூன்றும் சும்மா வரவில்லை. அதே வாக்கியத்தில் 'ஆர் எனி அதர் பர்சன்' என்று ஒரு சின்னத் துண்டு வருகிறதே, அதை வைத்துத்தான் நம் சென்னை உயர் நீதிமன்றம் 1880-களின் தொடக்கத்தில் சின்னையா - ராமையா வழக்கை முடித்தது. ஒரு வயதான அம்மாள் மகளுக்குச் சொத்தை எழுதிவைத்தார், தன் உடன்பிறப்புக்கு வருடா வருடம் பணம் தரச் சொன்னார். மகளும் தருவதாக எழுதிக்கொடுத்தாள். பிறகு, அவர்களிடமிருந்து எனக்கு என்ன வந்தது, நான் ஏன் தர வேண்டும் என்றாள். பிரதிபலன் வேறொருவரிடமிருந்து வந்திருந்தாலும் போதும், கொடுத்த வாக்கு வாக்குதான் என்றது தீர்ப்பு. வாசிக்கும்போது அந்தத் துண்டை ஒருத்தி தாண்டிப் போயிருந்தால் வழக்கே போயிருக்கும்.

காற்புள்ளியையும் விடாதே. வக்கீல் ஐயா சொன்னது இது. 1979-இல் முகமது ஷபீர் என்பவரின் வழக்கு, மருந்துச் சட்டத்தில் பிரிவு 27. 'செல்ஸ், ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்' என்று போகிறது அந்த வாக்கியம். 'ஸ்டாக்ஸ்' என்பதற்குப் பின்னால் காற்புள்ளி இல்லை. அதனால் 'விற்பனைக்காக' என்பது அதையும் சேர்த்துப் பிடிக்கிறது, வெறுமனே வைத்திருந்தது மட்டும் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைக் கேட்ட நாளிலிருந்து பத்திரத்தில் நான் காற்புள்ளி வைக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் யோசிக்கிறேன்.

எல்லோரும் பேப்பரில் தலையங்கம் படி, தலையங்கம் படி என்பார்கள். படிக்கலாம், தப்பில்லை. ஆனால் முதல் வருடத்தில் பேர் ஆக்டில், அதாவது உரை எதுவும் சேராத வெறும் சட்டப் புத்தகத்தில், இருக்கிற உதாரணங்களைப் படிப்பதுதான் மேல் என்பது என் கட்சி. பழைய தண்டனைச் சட்டத்தை வரைந்த மெக்காலே காலத்திலிருந்தே நம் சட்டங்களில் அந்த உதாரணங்கள் இருக்கின்றன. சின்னச் சின்ன வாக்கியம், ஏ, பி, இசட் என்று ஆட்கள். ஆளைச் சாகடிக்கும் குற்றம் எது என்று சொல்கிற பிரிவைப் பார். பழைய தண்டனைச் சட்டம் 299-இல் இருந்தது, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 100 ஆகியிருக்கிறது. முதல் உதாரணம், யாராவது சாக வேண்டும் என்று ஏ ஒரு குழியின்மேல் குச்சியும் புல்லும் பரப்பி வைக்கிறான். இசட் அது கெட்டியான தரை என்று நம்பி, கால் வைத்து, விழுந்து சாகிறான். 'பிலீவிங்' என்று அங்கே வருவது நம் 'நம்பி' மாதிரியே வேலை செய்கிறது பார். தினமும் ஓர் உதாரணத்தை எடு, தமிழில் உன் வாக்கியமாக எழுது, புத்தகத்தை மூடு, திரும்ப இங்கிலீஷில் எழுது. பிறகு திறந்து ஒப்பிடு. எங்கே 'தி' விட்டாய், எங்கே 'ஹேஸ்' விட்டாய் என்று அதுவே காட்டிவிடும். யாரும் பக்கத்தில் இருந்து திருத்த வேண்டியதில்லை, யாரும் பார்க்கவும் வேண்டியதில்லை. அப்புறம் வாய்விட்டுப் படி.

தீர்ப்பு படிக்கும்போது மேலே இருக்கிற சுருக்கத்தோடு நிறுத்திவிடாதே. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். கேசவானந்த பாரதி வழக்குத் தீர்ப்பு 700 பக்கத்துக்கு மேல் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். அதை யாரும் ஒரே மூச்சில் படிப்பதில்லை. உச்ச நீதிமன்றமே இப்போது பல தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்துப் போடுகிறது. இங்கிலீஷைப் படித்துவிட்டுத் தமிழைப் பார், முதலில் தமிழைப் பார்க்காதே.

நீ சொல்வாய், கீழ்க்கோர்ட்டில் தமிழ் போதுமே என்று. போதும். சாட்சி சொல்வதும் தமிழ், தமிழில் தீர்ப்பும் எழுதலாம். ஆனால் உயர் நீதிமன்ற மொழி இங்கிலீஷ் என்கிற அரசியல் சட்டம் 348 இருக்கிறவரை, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனால் இங்கிலீஷ்தான். அங்கே தமிழும் வேண்டும் என்று 2006-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் இன்னும் நடக்கவில்லை. இங்கே இருந்து அப்பீல் போகிற ஒவ்வொரு வழக்குக் கட்டிலும் நான் எழுதிய தமிழ்ப் பத்திரம் ஒன்று இங்கிலீஷாகி மேலே போகிறது. அதை மொழிபெயர்ப்பவருக்குப் 'பாத்தியம்' என்றால் உரிமை என்று புரியாவிட்டால் ஒரு குடும்பத்தின் நிலம் போகும். அப்படிப் போனதை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் படிக்கத் தெரிந்த வக்கீல் இந்த வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். எனக்கு நீ அந்த வரிசையில் வர வேண்டும். இதை உன்னிடம் இதுவரை நேராகச் சொன்னதில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். உன் அறைத் தோழி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். மூட் கோர்ட்டில், அந்த மாதிரி நீதிமன்ற வாதப் போட்டியில், கொடுத்த பெயரை நீ திரும்ப வாங்கிவிட்டாய் என்று தெரியும். வகுப்பில் எழுந்து வாசித்தபோது நடந்ததும் தெரியும். யார் சிரித்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்தப் பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் பயந்துபோய்த்தான் சொன்னாள். ராத்திரி நீ தூங்குவதில்லை என்றாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் தூக்கம் சரியில்லை. நீ படிப்பை விட்டுவிடுவாயோ என்று நினைத்துவிட்டேன். அப்படி ஏதும் மனசில் இருந்தால் தேதி பார்க்காமல் கிளம்பி வா, பேசுவோம், நான் சத்தம் போட மாட்டேன்.

பெயரை மறுபடி கொடுக்க இன்னும் நாள் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேள். இந்தத் தடவை இல்லை என்றால் அடுத்த தடவை. எதிர்த்தரப்பு வாதத்தை எழுதி எடுத்துப்போய் வாசித்தாலும் வாதம்தான்.

கவரில் 1,000 ரூபாய் வைத்திருக்கிறேன். பிரிவு 17-ஐ நான் பென்சிலால் பிரித்த நகலும் இருக்கிறது. பிரிவு 23-ஐ நீ அதே மாதிரி பிரித்து, படம் எடுத்து அனுப்பு. பதிவுக்குக் கொண்டுவர நான்கு மாதம் என்று சொல்கிற பிரிவு அது, சின்னதுதான். வாசிக்கிற குரலையும் பதிவு பண்ணி அனுப்பு, ஆச்சியும் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் போட மறக்காதே. அம்மா முறுக்கு சுட்டுத் தனிப் பார்சலாக அனுப்புகிறாள், அந்தத் தோழிக்கும் கொடு.

அப்பா
கோவில்பட்டி