முதல் சீட்டிலேயே என் பெயரையும் எழுதியிருக்கலாம்

குழந்தையின்மைக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கும் மையம் நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, விந்து டெஸ்டுக்கு சாம்பிள் கொடுக்க, உங்களில் ஒருவருடைய ஆஸ்பத்திரியின் பொதுக் கழிப்பறையில் பிளாஸ்டிக் டப்பாவும் கையுமாக நின்றேன். கதவில் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள் மட்டும் இருந்தன. தண்ணீர் வாளியை முட்டுக்கொடுத்து, ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டேன். வெளியே ஒரு பெரியவர் "தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று இரண்டு முறை தட்டினார். சர்க்கரைக்காரராக இருந்திருப்பார், பாவம். அவர்மேல் கோபமில்லை.

எப்படியோ முடித்து வெளியே வந்தால், ஹால் நிறைய ஆட்கள். நர்ஸ் அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு, "முழுசா புடிச்சீங்களா, சிந்திடுச்சா?" என்று கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் வருவதில்தான் உயிரணுக்கள் அதிகம். அது சிந்தினால் கணக்கே மாறிவிடும். இதெல்லாம் தெரிந்த இடத்தில் ஒரு தாழ்ப்பாள் போட மட்டும் ஆளில்லை. டப்பாவில் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன். அதிலும் என் மனைவி பெயர்தான்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். அதில் மூன்று வருடம் உங்கள் வாசல்களில் போனது. மாதவிலக்கான ஒன்பதாம் நாள், பதினொன்றாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று அவளுக்கு உள்ளே விட்டு ஸ்கேன். முட்டை வளர மாத்திரை. கருக்குழாய் அடைப்பு பார்க்க மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்த அன்று, நான் வெளியே அவள் செருப்பையும் கைப்பையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் வயிற்றில் துளைபோட்டு லேப்ராஸ்கோப்பி. எல்லாம் நார்மல். நாலாவது டாக்டர்தான் ஃபைலைப் புரட்டிவிட்டு, "இவருக்கு எடுத்தது எங்கே?" என்று கேட்டார். எடுத்தால்தானே இருக்கும்.

எனக்கு எடுத்த டெஸ்டுக்கு 400 ரூபாய். ஊசி கிடையாது, மயக்கம் கிடையாது. வந்த உயிரணு எண்ணிக்கை, ஒரு மில்லிக்கு 40 லட்சம். இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவு.

நான் கேட்பது ஒன்றுதான். தம்பதி வந்த முதல் நாளே கணவனுக்கும் சீட்டு எழுதுங்கள். அவன் பெயரில் எழுதுங்கள். பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நானும் யோக்கியனில்லை. மூன்று வருடத்தில் "எனக்கும் பார்த்துவிடலாமா" என்று ஒருநாள் கேட்டதில்லை. பயம்தான். "ஆம்பளைக்கு என்னடா டெஸ்டு" என்று அம்மா சொன்னது வசதியாகவும் இருந்தது. நீங்களும் கேட்காமல் விட்டதில் எனக்கு உள்ளூர நிம்மதி. அந்த நிம்மதிக்கு விலை கொடுத்தவள் அவள். அக்கா மகள் வளைகாப்பில் வளையல் போட எழுந்தவளை, "நீ இரும்மா" என்று உட்காரவைத்தார்கள். மலடி என்ற சொல் எல்லார் வாயிலும் வருகிறது. மலடன் என்று யாரையாவது திட்டி நான் கேட்டதில்லை.

ரிப்போர்ட் வந்த பிறகாவது என்னைத் தொட்டுப் பார்த்தீர்களா? விதைப்பை ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டிருக்கிறதா என்று நிற்கவைத்து, கையால் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும் என்கிறார்கள். என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை. பதினோரு வருடமாக பேக்கரி அடுப்பு முன்னால் நிற்கிறேன். விதைகளுக்குச் சூடு ஆகாது. மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டீர்கள். போதாததற்கு, ரிப்போர்ட்டில் இயல்பான அளவு 2 கோடி என்று அச்சாகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதை 2010-லேயே மாற்றிவிட்டது. 2021 கையேட்டில் கீழ் வரம்பு 1 கோடியே 60 லட்சம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான் ஃபெயில்தான், அது வேறு. 1 கோடியே 80 லட்சம் வந்தவன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எந்த லாட்ஜுக்குப் போவானோ?

லாட்ஜ் வைத்தியர்களைத்தான் சொல்கிறேன். மாதத்தில் இன்ன தேதி, பஸ் ஸ்டாண்ட் எதிரில், இன்ன ரூம் நம்பர் என்று சுவரெல்லாம் போஸ்டர். உயிரணு குறைவதும் ஆண்மைக் குறைவும் ஒன்று என்று ஊரையே நம்பவைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று, அவர்கள் ரூமில் தாழ்ப்பாள் இருக்கும்.

பிள்ளை வரம் வேண்டி திருக்கருகாவூர் கோயிலில் நெய் வாங்கியபோது, நாற்பத்தெட்டு நாளும் இரண்டு பேரும் சாப்பிட வேண்டும் என்று குருக்கள் சொன்னார். கோயிலில்கூட இரண்டு பேர் கணக்கு. உங்கள் ஃபைலில்தான் ஒருவர்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கூட்டமும் நெருக்கடியும் தெரியாமல் எழுதவில்லை. மறுபடி கேட்கிறேன்: முதல் நாளே கணவனுக்கும் ஒரு சீட்டு, டப்பாவில் அவன் பெயர், சாம்பிள் கொடுக்க ஒரு தனி அறை. தயவுசெய்து செய்யுங்கள்.

புது உயிரணு உருவாகி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகுமாம். மூன்று மாதம் கழித்து அடுத்த டெஸ்ட். வரும்போது தாழ்ப்பாளும் நாலு ஸ்குரூவும் நானே வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஃபைலில் 'வீட்டுக்காரர்' என்று மட்டும் இருப்பவன்