முழுப்பரீட்சை லீவுக்கு நைரோபி வேண்டாம், காலாண்டு லீவுல வாங்க

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல கோடை விடுமுறை டூர் பத்தின பக்கத்துல நைரோபியையும் சேர்த்து, பூமத்திய ரேகை பக்கத்துல இருக்குற ஊரு, வருஷம் பூரா ஒரே கிளைமேட், எப்ப வேணா போலாம்னு போட்டிருந்தீங்க. குடும்பத்தோட இங்கயே இருக்கறவ நான், படிச்சிட்டு எழுதாம இருக்க முடியல. நம்ம பிள்ளைங்களுக்கு லீவு விடுற ஏப்ரல், மே தான் இங்க மழை கொட்டுற மாசம்.

வெயில் பெருசா மாறாதுங்கறது சரிதான், ஆனா மழை அப்படி இல்லைங்க. சூரியன் வடக்க போறப்ப ஒருக்கா, தெற்க திரும்புறப்ப ஒருக்கான்னு மழை மேகம் இந்தப் பக்கமா ரெண்டு தடவை கடக்குது, அதனால மார்ச்லேருந்து மே வரைக்கும் பெரிய மழை, அக்டோபர் கடைசியிலேருந்து டிசம்பர் வரைக்கும் சின்ன மழை, அதுவும் 2019, 2023 மாதிரி சில வருஷம் விடாம ஊத்தும். 2024 ஏப்ரல், மே வெள்ளத்துல கென்யாவுல 200 பேருக்கு மேல செத்துப் போனாங்க, மதாரே ஆத்தங்கரைக் குடிசைங்க அடிச்சிட்டுப் போச்சு, ஸ்கூல் திறக்கறதையே தள்ளி வச்சாங்க. மழை வந்தா மட்டாட்டு வேன்ல டிக்கெட்டை அப்பவே ஏத்திடுவாங்க, ரோட்ல தண்ணி நின்னுடும், கரண்ட் போயிடும். எங்க சொந்தக்காரங்க குடும்பம் ஒண்ணு, ஏஜென்ட் சீசன்னு சொன்னதை நம்பி ஏப்ரல்ல வந்து, பாதி நாள் ஹோட்டல் ரூம் ஜன்னலைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தாங்க, பிள்ளைங்க முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு.

நைரோபி நேஷனல் பார்க் டவுன்லேருந்து 7 கிலோமீட்டர்தான், 1946 லேருந்து இருக்கு. அதோட தெற்குப் பக்கம் வேலி கிடையாது. மழைக்காலத்துல வெளிய எங்க பார்த்தாலும் புல்லும் தண்ணியும் கிடைக்கறதால வரிக்குதிரை எல்லாம் அந்தப் பக்கமா கிளம்பிப் போயிடும், காய்ஞ்ச மாசத்துல உள்ள இருக்குற அணைத் தண்ணிக்காகத் திரும்பி வரும். புல்லும் குட்டையா இருக்குறதால சிங்கம் படுத்திருந்தாக்கூட கண்ணுல படும். மண்ணு நம்ம கோவில்பட்டி கரிசல் மாதிரியே, நனைஞ்சா டயரை அப்படியே பிடிச்சுக்கும், ஜீப் கூட சிக்கிக்கும். அதனால ஜனவரி, பிப்ரவரி, இல்லைன்னா ஜூன்லேருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைக்கும், இந்த ரெண்டுல ஒண்ணுதான் சரி. ஊரை மட்டும் சுத்திப் பார்க்கணும்னா என் ஓட்டு பிப்ரவரிக்குத்தான், வானம் அவ்ளோ தெளிவா இருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட்ல வர்றவங்க ஆப்பிரிக்கான்னா அனலா அடிக்கும்னு நினைச்சு காட்டன் சட்டையோட வந்து இறங்கறாங்க. ஊரு 1,800 மீட்டர் கிட்ட, நம்ம கோத்தகிரி உயரம். ராத்திரி 11, 12 டிகிரிக்கு இறங்கும், மத்தியானம் வரைக்கும் கூட வெயில் எட்டிப் பார்க்காத நாளெல்லாம் உண்டு, ரோட்டோரம் கரி அடுப்புல சோளம் சுட்டு எலுமிச்சையில மிளகாத்தூள் தொட்டுத் தேய்ச்சுத் தர்றவங்ககிட்ட நின்னு கையைச் சூடு பண்ணிக்குவோம். ஸ்வெட்டர் அவசியம்.

சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்டுக்கு நான் சொல்றது காலாண்டு லீவு. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். குளிர் விட்டிருக்கும், சின்ன மழை ஆரம்பிச்சிருக்காது, ஸ்டேட் ஹவுஸ் ரோடு பக்கமெல்லாம் ஜக்கரண்டா பூத்து, நடைபாதை பூரா ஊதா நிறமா உதிர்ந்து கிடக்கும், அதை எங்க ஊரு அழகுன்னு பெருமையாவே சொல்லுவேன். மசாய் மாரா சரணாலயத்துல வில்டபீஸ்ட்ங்கற, மாடு மாதிரி இருக்குற மான் கூட்டமும் அப்ப இன்னும் இருக்கும். ஆனா மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுக்காரங்களுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர், மத்த மாசம் 100 தான். அது கையைக் கடிக்கும்னா பிப்ரவரிக்கு மாத்திக்கங்க, மழைக்கால டிஸ்கவுண்ட்டை மட்டும் நம்பாதீங்க, ஏப்ரல்ல மாராவுல சில கேம்ப்பை மூடியே வச்சிருப்பாங்க.

இன்னொண்ணு, இங்கேருந்து இந்தியா திரும்பறப்ப மஞ்சள் காய்ச்சல் ஊசி கார்டு கேப்பாங்க, இல்லைன்னா ஏர்போர்ட்லேருந்தே தனியா அடைச்சு வச்சிடுவாங்க. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அந்தக் கார்டு செல்லும். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க, டிக்கெட் எடுத்த கையோட அங்க போய் தேதி வாங்கிடுங்க. இந்தக் கடிதத்தை ஜனங்க ஏப்ரலுக்கு அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடியே போட்டீங்கன்னா நல்லாயிருக்கும்.

இப்படிக்கு,
நைரோபியிலிருந்து ஒரு வாசகி